ஏன்டா முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுது? மாங்குளத்தில ஒரு மொடல் கோச்சி வீடியோ பிழைச்ச கதை

"தம்பி, வடிவாத்தான் கிடக்கு, ஆனா அது ஏன்டா முன்னுக்கும் பின்னுக்கும் ஓடிக்கொண்டு நிக்குது, பழுதாப் போச்சே?"

ரொறன்ரோவில இருக்கிற அக்கா எங்கட முதல் வீடியோவைப் பாத்திட்டுச் சொன்ன விமர்சனம் இவ்வளவுதான். 14 நிமிச வீடியோ, எடுக்க ரெண்டு கிழமை, வெட்டி ஒட்ட இன்னொரு கிழமை, அவ ரெண்டாவது நிமிசத்தோட மூடிப்போட்டா. எனக்குக் கோவம் வந்தது உண்மை. ஆனா பிறகு பாத்தால் அந்தக் கேள்விக்குள்ளதான் எங்கட முழுப் பிழையும் இருந்திருக்கு, அதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு அஞ்சு மாசம் எடுத்தது. அந்த அஞ்சு மாசத்தைத்தான் இஞ்ச எழுதிறன், உங்களில ஆரும் பலகையில கோச்சி ஓட்டி போனில படம் பிடிக்கிற ஆக்கள் எண்டால் எங்களை மாதிரி சுத்திக்கொண்டு நிக்காமல் நேர போகலாம்.

முதல்ல ஆக்களைச் சொல்லிப்போடுறன். நான் மாங்குளத்தில வீட்டு வயரிங் வேலை செய்யிறன் (இதை ஞாபகம் வைச்சிருங்கோ, பிறகு வெக்கப்பட வேண்டி வரும்). சித்தப்பா ரெயில்வேயில பொயின்ற்ஸ்மனா, அதாவது கோச்சி லைன் மாறுற இடத்தில பொயின்ற் திருப்பி விடுற ஆளா, இருந்து பென்சன் எடுத்தவர். 1990 ஆனியில வவுனியாவுக்கு வடக்கால கோச்சி நிண்டுபோனதையும் கண்டவர், 2013 புரட்டாதியில கிளிநொச்சிக்கும் 2014 ஐப்பசியில யாழ்ப்பாணத்துக்கும் திரும்ப வந்ததையும் கண்டவர். மூண்டாவது ஆள் மருமோன், ஏலெவல் படிக்கிறான் எண்டு சொல்லிக்கொண்டு போனோட திரியிறவன், கமெரா அவன்ர பொறுப்பு.

கோச்சி லண்டனில இருக்கிற மச்சான் அனுப்பின பழைய ஹோர்ன்பி (மொடல் கோச்சி செய்யிற கொம்பனி) சாமான், ஓஓ ஸ்கேல், அதாவது 76இல 1 பங்கு. எங்கட நாட்டு எஞ்சின் அந்த ஸ்கேலில கடையில கிடையாது, அதால அடிச்சட்டத்தை மட்டும் வைச்சுக்கொண்டு மேல மட்டையாலயும் பிளாஸ்ரிக் சீற்றாலயும் எம் 2 எஞ்சின் செய்தனாங்கள். 1954இல கனடாவில இருந்து வந்த எஞ்சின் வகை அது, யாழ்தேவியை இழுத்தது, ஒன்ராறியோ அல்பேர்ட்டா எண்டு கனடா மாகாணங்கள்ட பேரைத்தான் முதல் வந்ததுகளுக்கு வைச்சவை. அந்தக் காலத்தில ஒன்ராறியோ எஞ்சின் எங்கட ஊருக்கு வந்தது, இந்தக் காலத்தில எங்கட ஊர் ஒன்ராறியோவுக்குப் போட்டுது எண்டு சித்தப்பா ஒவ்வொரு நாளும் சொல்லுவார், நாங்களும் ஒவ்வொரு நாளும் சிரிக்க வேணும்.

பலகை 5 அடி நீளம், 1 அடி அகலம், அலுமாரிக்கு மேல ஏத்தி வைக்கக்கூடிய அளவு. வட்டமா ஓடுற பாதை இல்லை. இங்கிள்நூக் எண்டு சொல்லுற ஷண்டிங் (பெட்டியளைத் தள்ளி இழுத்து வரிசை மாத்திக் கோர்க்கிறது) பிளான், அலன் றைற் எண்ட இங்கிலாந்துக்காரர் போட்டது. மூண்டு முட்டுப்பாதை (மற்ற முனை மூடினது), ஒண்டில 5 பெட்டி நிக்கலாம், மற்ற ரெண்டிலயும் மூண்டு மூண்டு, எஞ்சின் முன்னுக்குப் போய்த் திரும்பிற துண்டில எஞ்சினும் 3 பெட்டியும் மட்டும் கொள்ளும். மொத்தம் 8 சாமான் பெட்டி. அதில சீட்டுக் குலுக்கி 5 பெட்டியை எடுத்து, சீட்டு விழுந்த அதே வரிசையில 5 பெட்டிப் பாதையில ஒரு கோச்சியாக் கோர்க்க வேணும், அவ்வளவுதான் விளையாட்டு. சின்ன விசயம் மாதிரித் தெரியும், ஆனா 8 பெட்டியில இருந்து 5ஐ வரிசையா எடுக்கிறதெண்டால் 6720 விதம் இருக்கு. பின்னேரம் தேத்தண்ணியோட இருந்தால் ஒரு கோச்சி கோர்க்க எங்களுக்கு அரை மணித்தியாலம் போகும். சதுரங்கம் மாதிரி, அதில மூளை வேலை செய்யுது. வீடியோவில அந்த மூளை தெரியாது, முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுறது மட்டும்தான் தெரியும், அக்காவுக்கும் அதுதான் தெரிஞ்சது.

ஆனா அண்டைக்கு நாங்கள் அப்பிடி யோசிக்கேல்ல. அக்காவுக்குப் படம் பிடிக்கேல்லப் போல, படத்தைத் திருத்துவம் எண்டுதான் வெளிக்கிட்டம்.

கறுப்புக் கோடு

படத்திலயும் பிழை இருந்ததுதான். முழு வீடியோவிலயும் மங்கலான கறுப்புப் பட்டி பட்டியா மேல இருந்து கீழ ஊர்ந்துகொண்டு போகுது, அலைக்கு அடியில கோச்சி ஓடுற மாதிரி. மருமோன் போன் பழுது எண்டான், நான் அவன் பழுது எண்டன். அக்காட புருசன், அத்தான், கமெரா விளங்கின ஆள், ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கமெரா திறந்து நிக்கிற நேரத்தை, 60இல 1 செக்கனில வை எண்டு அங்க இருந்து சொன்னார். செய்தம். பட்டி கொஞ்சம் மங்கினது, ஆனா போகேல்ல. போன் மாத்தினம், அப் மாத்தினம், பலகையை மற்ற அறைக்குக் கொண்டு போனம், ஒண்டும் சரிவரேல்ல.

இது நடந்தது 2022 பங்குனியில. அந்த மாதக் கடைசியில நாட்டில கறண்ட் வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், பெற்றோலுக்கும் லைன், என்ர மோட்டச்சைக்கிள் பெற்றோல் இல்லாமல் விறாந்தையில கிழமைக்கணக்கா நிண்டது. ஒரு நாள் இரவு கறண்டும் இல்லை நித்திரையும் இல்லை, சும்மா நிக்கிற மோட்டச்சைக்கிள்ட பற்றறியைக் கழட்டி, வேலைக்கு வாங்கி மிச்சம் கிடந்த 12 வோல்ற் எல்இடி நாடாவில ரெண்டு மீற்றரைப் பலகைக்கு மேல ஒட்டி, கோச்சிக்கும் அதில இருந்தே ஒரு சின்னக் கொன்ரோலர் போர்ட் பூட்டி ஓட்டினம். மருமோன் சும்மா ஒரு துண்டு எடுத்தான். பாத்தால் பட்டி இல்லை! ஒரு கோடு கூட இல்லை, பால் மாதிரிப் படம்.

அப்பதான் எனக்கு ஓடினது, ஓடினாப்பிறகு ஆருக்கும் சொல்ல வெக்கமாவும் இருந்தது. வயரிங் வேலை செய்யிறவன், எங்கட கறண்ட் 50 ஹேர்ட்ஸ், அதால மலிவு ரியூப்லைற் செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறையும் எண்டது எனக்குத் தெரியாத விசயமே? கண்ணுக்குப் பிடிபடாது, ஆனா போன் கமெரா படத்தை மேல இருந்து கீழ வரி வரியாத்தான் வாசிக்கும், ஒரு வரி வாசிக்கேக்க லைற் கூட, அடுத்த வரிக்குக் குறைவு, அதுதான் பட்டி. ஷட்டர் திறந்து நிக்கிற நேரம் 100இல 1 செக்கன், அல்லது அதின்ர முழு மடங்கு, 50இல 1 எண்டு இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் முழுசா ஒண்டோ ரெண்டோ துடிப்பு கிடைக்கும், பட்டி விழாது. அத்தான் சொன்ன 60இல 1 கனடாவுக்குச் சரி, அங்க கறண்ட் 60 ஹேர்ட்ஸ், இஞ்ச அதே கணக்கு ஒண்டரைத் துடிப்புக்கு மேல கொஞ்சம் போய் நடுவில நிக்கும். பற்றறியில துடிப்பே இல்லை, ஷட்டரை என்னவாக வைச்சாலும் சரி.

இப்பவும் நாங்கள் பற்றறி லைற்றிலதான் எடுக்கிறம், கறண்ட் இருந்தாலும். மோட்டச்சைக்கிள் பற்றறி 12 வோல்ற் 5 அம்பியர்அவர், நாடாவும் கோச்சியும் சேந்து ஒரு அம்பியர் அளவில இழுக்கும், அரைவாசிக்குக் கீழ இறங்க விடக்கூடாது, அதால ரெண்டு மணித்தியாலம் எடுத்திட்டு நிப்பாட்டினால் பற்றறிக்கு நல்லது. ஒரு குறை மிச்சம் இருக்கு, எஞ்சின்ர முன் லைற் இப்பவும் வீடியோவில கோடு கோடா மினுங்கும், ஏனெண்டால் கொன்ரோலர் தண்டவாளத்துக்குக் கறண்டை வெட்டி வெட்டித்தான் அனுப்புது, அந்த லைற்றுக்கும் அதே வெட்டுத்தான் போகுது. முன் லைற்றைக் கழட்டிப்போட்டம், பகல் கோச்சிக்கு என்னத்துக்கு லைற்.

திருத்தின வீடியோவைத் திரும்ப அனுப்பினம். அக்கா இந்தமுறை மூண்டு நிமிசம் பாத்தா.

விளையாட்டுச் சாமான்ர முகம்

சரி, கோடு இல்லை, ஆனா விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு, அதால ஆக்கள் பாக்கேல்லப் போல எண்டு அடுத்த முடிவு. (இன்னும் பிழையான இடத்திலதான் தோண்டிக்கொண்டு நிண்டம்.)

இதில படிச்சதைக் கெதியாச் சொல்லிப்போடுறன். 76இல 1 உலகத்தில நிக்கிற மனுசன்ர கண் நிலத்தில இருந்து 2 சென்ரிமீற்றர் உயரத்திலதான் இருக்கும். போனை நிமிர்த்திப் பிடிச்சால் லென்ஸ் மேல் மூலையில போயிரும், படம் தென்னை மர உச்சியில இருந்து பாக்கிற மாதிரி வரும். போனைத் தலைகீழாக் கவிழ்த்து வைச்சால் லென்ஸ் பலகையோட ஒட்டி நிக்கும், பிறகு வீடியோவைத் திருப்பிக்கொள்ளலாம். இந்த ஒண்டே பாதி வேலையைச் செய்யும். போகஸையும் வெளிச்சத்தையும் திரையில அழுத்திப் பிடிச்சுப் பூட்டி விடுங்கோ, இல்லாட்டி எஞ்சின் கிட்ட வரேக்க போன் பயந்து தேடத் தொடங்கும்.

கீழ இருந்து எடுக்கிறதில இன்னொரு லாபம். எங்கட நாட்டுத் தண்டவாளம் அகலப் பாதை, 5 அடி 6 அங்குலம், 1676 மில்லிமீற்றர், அதை 76ஆல பிரிச்சால் 22 மில்லிமீற்றர் வர வேணும். ஓஓ பாதை 16.5 தான். மேல இருந்து எடுத்த துண்டைக் கண்டதும் சித்தப்பா, இதென்னடா முந்தின களனிவெளிச் சின்னக் கோச்சி மாதிரிக் கிடக்கு எண்டார் (அது ஒடுங்கின பாதையில ஓடினது). பக்கவாட்டில கீழ இருந்து பாத்தால் ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவில எவ்வளவு இடம் எண்டது கண்ணுக்குப் படாது.

பிறகு வேகம். ஷண்டிங் கோச்சி மணிக்கு 20 கிலோமீற்றரில போகுது எண்டு வைச்சால் பலகையில அது செக்கனுக்கு 7 சென்ரிமீற்றர், எறும்பை விடக் கொஞ்சம் கெதி. எங்கட மோட்டர் அந்த வேகத்தில விக்கி விக்கித்தான் போகும். மருமோன் கண்டுபிடிச்ச வழி, செக்கனுக்கு 50 பிரேமில எடுத்துக்கொண்டு கோச்சியை 14 சென்ரிமீற்றரில ஓட்டி, பிறகு அரைவாசி வேகத்தில போட்டுக் காட்டுறது. விக்கலும் போட்டுது, பெட்டி ஆடுற ஆட்டமும் பாரமா வந்திட்டுது. ஏலெவல் பௌதிகம் ஒரு இடத்திலயாவது உதவினது எண்டு அக்காட்ட சொன்னனான், அவவுக்குச் சந்தோசம். சத்தம் மாங்குளம் ஸ்ரேஷனுக்குப் பக்கத்துக் கடவையில இருந்து எடுத்தது, நல்ல காலம் அந்த வருசமே எடுத்து வைச்சம், 2023 தையில அநுராதபுரம் ஓமந்தைப் பாதையைத் திருத்தவெண்டு மூடக் கொழும்புக் கோச்சி சில மாசம் நிண்டுபோச்சு.

சோளகக் காத்து தொடங்கின பிறகு பகலில எடுக்கிற கதையே இல்லை, யன்னலைத் திறந்தால் ரெண்டு மணித்தியாலத்தில தண்டவாளம் முழுக்கப் புழுதி, எஞ்சின் கறண்ட் பிடிக்காமல் செத்துச் செத்துப் போகும். மண்கடதாசி போட்டுத் தேய்க்காதேங்கோ, கீறல் விழுந்து அதுக்குள்ள இன்னும் ஊத்தை பிடிக்கும், ஸ்பிரிற் தோய்ச்ச துணி காணும்.

ஆக ஆடியில மூண்டாம் வீடியோ. வடிவெண்டால் அப்பிடி ஒரு வடிவு. எங்கட ஸ்ரேஷனுக்கு முன்னால வேப்பமரம், கொம்புக் குச்சியில கட்டின வேலி, சீமெந்து மூட்டை, எல்லாம் உண்மை மாதிரி. அக்காவுக்கு அனுப்பினம். "சோக்கா இருக்கடா. ஆனா அது என்ன செய்யுது?"

கொடி எங்க?

அண்டைக்கு இரவு மூண்டு பேரும் பேசாமல் இருந்தம். பேந்து சித்தப்பா, போட்டுக் காட்டு பாப்பம், நான் இன்னும் முழுசாப் பாக்கேல்ல எண்டார். பலகையில ஓட்டினது அவர்தான், ஆனா திரையில அவர் ஒருக்காலும் பாக்கேல்ல, கண்ணாடி எடுக்கப் பஞ்சி. போட்டம். ஒரு நிமிசம் போயிருக்கும்.

"நிப்பாட்டு. ஆர் இவனை வரச் சொன்னது?"

"ஆரை சித்தப்பா?"

"டிரைவரைத்தான். பொயின்ற் திரும்பினதைக் காணேல்ல, கொடி காட்டினதைக் காணேல்ல, அவன் தன்ர பாட்டில வாறான். எந்த லைனுக்க போறான் எண்டு எனக்கே தெரியேல்ல, ஓட்டினது நானடா!"

இன்னும் கொஞ்சம் ஓட விட்டம்.

"உப்பிடியே ஓடி வந்து கொழுவிறது? நடுவில ஆள் நிண்டால் செத்துப்போடுவான். பெட்டிக்கு முன்னால நிக்க வேணும், நிண்டு பாத்து, கை காட்ட, பிறகு மெல்ல வந்து முட்ட வேணும்."

நான் பாத்தது மருமோனை, அவன் பாத்தது என்னை. நாங்கள் வெட்டி ஒட்டேக்க முதல் எறிஞ்சதே அந்த நிக்கிற இடங்களைத்தான். கோச்சி நிண்டால் போரடிக்கும், ஓடுறதை மட்டும் வைப்பம் எண்டு ஒவ்வொரு நிப்பாட்டலையும் தேடித் தேடி வெட்டியிருந்தம். சித்தப்பா ஓட்டேக்க பெட்டிக்கு முன்னால நிப்பாட்டித்தான் கொழுவினவர், பழக்க தோசம், அதை வெட்டினது நாங்கள். ஷண்டிங்கில வேலை நடக்கிறது நிக்கிற நேரத்தில. ஆள் இறங்கிறான், பொயின்ற் திருப்பிறான், அடுத்தது எந்தப் பெட்டி எண்டு பாக்கிறான், கொடி காட்டிறான். ஓடுறது அதின்ர விளைவு மட்டும். நாங்கள் காரணத்தை முழுக்க வெட்டிப்போட்டு விளைவை மட்டும் 14 நிமிசம் காட்டியிருக்கிறம், அக்கா பாவம், பழுதாப் போச்சே எண்டு கேட்காமல் வேற என்ன கேப்பா.

அதுக்குப் பிறகு திரும்ப முழுசா முதல்ல இருந்து பாத்தம், இப்ப சித்தப்பாட கண்ணால. அடுக்கடுக்கா வந்தது. ஒண்டு, எந்த வரிசையில கோர்க்க வேணும் எண்டது வீடியோவில ஒரு இடத்திலயும் இல்லை. எங்களுக்குத் தெரியும், ஏனெண்டால் சீட்டு மேசையில கிடக்கு, கமெராவுக்கு வெளியால. ரெண்டு, எட்டுப் பெட்டியும் ஒரே மண்ணிறம், உண்மை மாதிரி இருக்க வேணும் எண்டு நாங்கள்தான் பூசினது, அந்த உண்மையால ஒண்டுக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் ஒருத்தருக்கும் தெரியாது. மூண்டாவதுதான் பெரிய பிழை, பலகையின்ர ரெண்டு பக்கத்தில இருந்தும் மாறி மாறி எடுத்திருக்கிறம். இந்தப் பக்கத்தில இருந்து பாத்தால் இடமிருந்து வலம் போற கோச்சி அந்தப் பக்கத்தில இருந்து வலமிருந்து இடம் போகும். ரெண்டு துண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால் கோச்சி போய்க்கொண்டிருக்கேக்கயே திரும்பி வாற மாதிரி இருக்கும். அக்கா சொன்ன முன்னுக்கும் பின்னுக்கும் எண்டதில பாதி கோச்சி ஓடினதே இல்லை, எங்கட கமெரா தாவினது!

கலியாண வீடியோ எடுக்கிற பெடியங்களுக்கு இது தெரியும், மாப்பிள்ளை பொம்பிளைக்கு ஒரு பக்கத்திலதான் நிண்டு எடுப்பாங்கள். எங்களுக்கு உறைக்கேல்ல.

திருத்தினது

பலகைக்கு ரெண்டு பேர் வைச்சம். முன்பக்கம் ஏ9 (எங்கட ஊரால போற பெரிய றோட்) பக்கம், பின்பக்கம் காட்டுப்பக்கம். கமெரா ஏ9 பக்கத்தை விட்டு அரக்கக் கூடாது எண்டது சட்டம். காட்டுப்பக்கம் போனால் யானை அடிக்கும் எண்டு மருமோனுக்குச் சொல்லி வைச்சிருக்கு. 

பெட்டியளின்ர மண்ணிறத்தை விட மனமில்லை, அதால ஒவ்வொரு பெட்டிட மூலையிலயும் ஒரு நிறப் பொட்டு. சோடாப் போத்தல் மூடி 8ஐ அதே எட்டு நிறத்தில பூசி மா ரின்னுக்க போட்டுக் குலுக்கி, சித்தப்பாட கை ஒவ்வொண்டா 5 மூடியை எடுத்து ஸ்ரேஷன் மேடைக்கு முன்னால வரிசையா வைக்கிறதுதான் இப்ப வீடியோட முதல் காட்சி. அந்தக் கையில நரம்பு தெரியும், நகத்துக்க கிறீஸ் இன்னும் இருக்கிற மாதிரித்தான் எனக்குத் தெரியும், ஆனா அது என்ர நினைப்பா இருக்கும். மூடியள் கடைசி வரைக்கும் படத்தின்ர கீழ் மூலையில தெரியிற மாதிரி விட்டம், ஒரு பெட்டி சரியான இடத்தில சேர சேர அந்த மூடியைக் கவிழ்த்து வைக்கிறது.

ஒவ்வொரு நகர்வுக்கும் மூண்டு துண்டு, இந்த ஒழுங்கில மட்டும். பொயின்ற் நாக்கு திரும்பிறது கிட்ட இருந்து, பிறகு கொடி (ஒரு சின்னப் பொம்மை ஆள், பச்சைக் கடதாசித் துண்டு, கீழ நூல் கட்டி இழுக்கிறது), அதுக்குப் பிறகுதான் கோச்சி. கொழுவ முதல் நிப்பாட்டல். எவ்வளவு நேரம் நிக்க விடுறது எண்டதில எனக்கும் மருமோனுக்கும் சண்டை வந்தது, அவன் ஒரு செக்கன் காணும் எண்டான், சித்தப்பா ஆள் இறங்கிப் போய்ப் பாக்க வேண்டாமே எண்டார், கடைசியா மூண்டு செக்கனில சமாதானம். எனக்கு அது இன்னும் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை எண்டுதான் படுது, சித்தப்பா அந்த மூண்டு செக்கனும் மூச்சுப் பிடிச்சுக்கொண்டிருக்கிறதைக் கண்டனான்.

வீடியோ 14 நிமிசத்தில இருந்து 9க்கு வந்தது. நிப்பாட்டலைக் கூட்ட நீளம் குறைஞ்சது எப்பிடி எண்டால், என்ன நடக்குது எண்டு தெரிஞ்சால் ஓடுறதை முழுக்கக் காட்டத் தேவையில்லை, வெளிக்கிடுறதும் சேர்றதும் காணும்.

ஆவணியில, ஒரு சனிக்கிழமை அனுப்பினம். ஞாயிறு விடிய அஞ்சு மணிக்குப் போன் அடிக்குது, அக்கா. ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ எண்டு பதறிக்கொண்டு எடுத்தன்.

"டேய், மூண்டாவது மூடி மஞ்சள் எல்லோ?"

"என்ன அக்கா?"

"சித்தப்பா வைச்சது நீலம், சிவப்பு, மஞ்சள். நீங்கள் மூண்டாவதாப் பச்சையைக் கொழுவிட்டு மஞ்சள் மூடியைக் கவிழ்த்திருக்கிறியள். நான் மூண்டு தரம் திருப்பிப் போட்டுப் பாத்திட்டன், அத்தானும் பாத்தவர். பிழையடா."

எழும்பிப் போய் லைற்றைப் போட்டுப் பாத்தன். பச்சைதான். வெள்ளிக்கிழமை எடுத்த ஒரு துண்டு சனிக்கிழமைத் துண்டுகளுக்கு நடுவில போய் ஒட்டியிருக்கு, மருமோன்ர வேலை. அவனை எழுப்பினன்.